காதை நம்பாத சிக்னலர்

1. தேர்வு

“மனப்பாடம் பண்ணிட்டு வந்திட்டியாப்பா?”

என் தேர்வுத்தாளைத் திருத்தி முடித்ததும் ஹெட் சிக்னலர் ராமலிங்கம் சார் கேட்ட முதல் கேள்வி இது. ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் தந்தி வேலைக்குப் பயிற்சியில் இருந்தேன். சவுண்டர் என்ற கருவி கட்கட் என்று அடிக்கும். அந்த ஓசையைக் கேட்டு ஆங்கில எழுத்துகளாக எழுத வேண்டும். இரண்டு தேர்வில் தோற்றிருந்தேன். இதிலும் தோற்றால் வேலை இல்லை. அப்படிப்பட்டவன் பிழையில்லாமல் எழுதியதை அவரால் நம்ப முடியவில்லை.

“இல்ல சார். தப்பு வர்றப்ப மனசு எங்க போகுதுன்னு பாத்து வச்சேன்.”

“மனசையா? காதால கேக்குற வேலைப்பா இது.”

உடனே செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகத் தந்திக் கீயில் அடித்தார். எழுதிக் கொடுத்தேன். ஒத்துப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

“சரி, லைன்ல உக்காரு. நான் பக்கத்துலயே இருப்பேன்.”

2. பார்த்து வைத்தது

தோற்ற நாட்களில் மணிக்கணக்காகப் பயிற்சி செய்தேன். செய்யச் செய்யப் பிழை கூடியது. காது மந்தமோ என்று கூடப் பயந்தேன். பிறகுதான் ஒவ்வொரு பிழைக்கும், ‘அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?’ என்று என்னையே குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினேன்.

மனசின் இரண்டு கள்ளத்தனம் பிடிபட்டது. ஓர் எழுத்து தவறினால் அதையே நினைத்து உருகுவேன். அதற்குள் அடுத்த மூன்று போய்விடும். இன்னொன்று மோசமானது. பாதிச் சொல் கேட்டதுமே மீதியை மனசு ஊகித்துவிடும், கையும் எழுதிவிடும். கேட்டது போலவே தோன்றும்.

தவறிய இடத்தில் புள்ளி வைத்து நகரப் பழகினேன். ஊகம் முந்திவிடாமலிருக்க, ஓசைக்கு ஓரெழுத்து பின்னால் எழுதினேன். கவனம் தளர்ந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பயிற்சி நேரம் பாதியாகக் குறைந்தது, பிழையும் குறைந்தது.

3. ஆவுடையார்கோவில்காரர்

நிஜத் தந்திகள் வரும் லைனில் உட்கார்ந்த வாரமே அது நடந்தது. ஆவுடையார்கோவில் விவசாயி கருப்பையா, மதராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பியைப் பற்றி விசாரித்துத் தந்தி கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் கவுண்டரில் நின்றிருந்தார். பதில் வந்தது. BROTHER NOT SERIOUS என்று எழுதினேன்.

எழுதிய கை மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. N, O இரண்டும் கேட்டது நிச்சயம். T கேட்டதா, நானே போட்டதா? கீயைத் தட்டி அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்டேன்.

“எதுக்குப்பா நிறுத்துற? நல்லாத்தானே வந்துச்சு?” என்றார் சார்.

“T மேல சந்தேகம் சார்.”

“ஒம் மேல எனக்குச் சந்தேகம். அங்கிட்டு இருக்குறவன் சிரிப்பான்.”

சவுண்டர் மறுபடி அடித்தது. N. O. W.

ராமலிங்கம் சாரும் கேட்டார். நான் T-யை அடித்து W எழுதினேன்.

கருப்பையா தாளை வாங்கி அடித்தலைப் பார்த்தார். “என்னங்க இது, அடிச்சு எழுதியிருக்கு? மொதல்ல என்ன இருந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க.”

“மொதல்ல நான் எழுதுனது தப்புங்க. திரும்பக் கேட்டுத் திருத்துனேன். தம்பி நெலம இப்ப கவலைக்கிடம். ஒடனே கெளம்புங்க.”

என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். சார்தான், “நானும் கேட்டேன். போங்க,” என்றார். கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டு ஓடினார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்து நின்றார்.

“நான் போனப்ப அவனுக்கு நெனவு இருந்துச்சுங்க. பத்து வருசமாப் பேசாம இருந்தோம். பேசிட்டோம்,” என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எதைக் கேட்டாலும் படித்தாலும், ‘இது தெரிந்ததுதான்’ என்று மனசு அவசரமாகச் சொல்லும் இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். அந்த இடத்தில் மனசை நம்பாதீர்கள்.