குட்டைத் தண்டுப் பூ

தாவர ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. செடிகளைப் பார்த்து, அளந்து, வர்ணனை எழுதுவது வேலை. தட்டில் விழுந்த கீரையைக்கூட நரம்பு பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள் என்று கணவன் கேலி பேசுவான். அவன் லாரி மெக்கானிக்.

ஒரு குட்டிக் காட்டுப் பிரிம்ரோஸ் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஆற்றுக்கு மேலே, செங்குத்துப் பாறையின் விளிம்பில் மட்டும் முளைக்கிற செடி. இலைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும்; அடிப்புறம் மாவு அப்பினாற்போல் வெள்ளை. விரல் நீளக் காம்பில் ஊதாப் பூ, ஐந்து இதழ், நடுவே மஞ்சள் கண். எல்லாம் எழுதியாயிற்று. விதையைப் பற்றி மட்டும் எழுத வழியில்லை. காய்கள் அத்தனையும் பதர்.

காரணம் அவளுக்குத் தெரியும். விளிம்பிலிருந்த பூக்கள் எல்லாவற்றிலும், மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு நீளம். குட்டைத் தண்டுப் பூவின் மகரந்தம் வந்தால்தான் விதை பிடிக்கும். அப்படி ஒரு செடியைத் தேடி அலுத்தபோது, கீழே பாறைப் பிளவில் ஊதாப் புள்ளி ஒன்று கண்ணில் பட்டது.

கணவன் லாரியில் கயிறு கட்டி அவளை இறக்கினான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“குட்டைதாங்க! குட்டைத் தண்டு!”

“பறிச்சுக்கிட்டு மேல வா. கயிறு கல்லுல உரசுது.”

“இருக்கறது ஒரே செடி. ஒரு பூ மட்டும் எடுத்து...”

காலடிக் கல் பெயர்ந்தது. உடம்பு அந்தரத்தில் சுழன்று பாறையில் மோதியது. மேலே கயிற்றின் ஒரு புரி பட்டென்று அறுந்தது. எட்டிய பிடி அந்தப் பிளவு ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு விரல்களைச் செருகினாள். செடி வேரோடு பிய்ந்து ஆற்றில் விழுந்தது.

“விட்டுடாதே!” கணவன் குப்புறப் படுத்து, அறுந்த இடத்துக்குக் கீழே கயிற்றைப் பற்றி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான்.

மேலே வந்தவள் விம்மினாள். “இருந்த ஒண்ணையும் கொன்னுட்டேங்க.”

“நீ உயிரோட வந்தியே, அது போதும்.” அவன் அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

அவள் விரலிடுக்கில் கசங்கிய பூ ஒன்று ஒட்டியிருந்தது. பூக்குழாய் கிழிந்து மகரந்தப்பைகள் வெளியே தெரிந்தன. அதற்குள் தூறல் விழுந்தது. நனைந்தால் எல்லாம் வீண்.

“சட்டையக் கழட்டி விரிச்சுப் பிடிங்க, சீக்கிரம்!”

அவன் சட்டையைக் கழற்றிப் பூக்களுக்கு மேலே குடையாய் விரித்தான். அந்த மறைவில் அவள் தவழ்ந்து தவழ்ந்து, தன் தலைமுடி ஒன்றின் நுனியால் மகரந்தத்தை எடுத்து, விளிம்புப் பூக்களில் ஒவ்வொன்றாகத் தடவினாள். கடைசிப் பூவுக்கு வருமுன் மழை கொட்டிவிட்டது.

கோடையில் நாலைந்து காய்கள் தடித்தன. உள்ளே பொடிமணல்போல் பழுப்பு விதை. தொட்டியில் முளைத்த செடிகள் பூத்தபோது ஏறக்குறைய பாதி குட்டைத் தண்டு. வர்ணனை முடிந்தது.

நாற்றுகளைப் பிளவில் நடவேண்டும் என்றாள். கணவன் புதுக் கயிற்றைத் தன் இடுப்பிலேயே சுற்றிக்கொண்டான்.

“இந்தத் தடவை நான் இறங்கறேன். நீ மேல நின்னு கத்து.”