அக்கா சொல்லாத பசு

என் தகரப் பெட்டியின் அடியில் பழுப்பேறிய தாள் ஒன்று கிடக்கிறது. அக்காவுக்காக நான் எழுதிய மனுவின் நகல். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், எழுதிய அந்தக் கையை அன்றைக்கே ஒடித்துப் போட்டிருக்கலாம் என்று தோன்றும்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில், வேப்பமரத்தடியில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பண்டிதரிடம் சில வருஷம் தமிழ் படித்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறைய. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, முரண் என்று கற்றதையெல்லாம் மனுவில் கொட்டுவேன். கதையை நடுவில் தொடங்கிப் பின்னால் போவேன். எதிராளியை ஒரே வரியில் கொடியவனாக்கிவிடுவேன். பிரிவுத் துயரத்துக்கென்றே ஒரு பத்தி தயாராக வைத்திருந்தேன். ‘கன்றை இழந்த பசுவைப்போல் கதறி, மழை காணாத பயிரைப்போல் வாடி’ என்று போகும் அது. பிள்ளையைப் பிரிந்தவர், நிலத்தைப் பறிகொடுத்தவர் என்று யார் வந்தாலும் அவர் மனுவுக்குள் அந்தப் பசு நுழைந்துவிடும். வாசித்துக் காட்டினால் பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்காவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் பேதியில் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு அக்காவும் காய்ச்சலில் விழுந்தாள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் நோய் தொற்றிவிடுமே என்று பயந்து, அவனை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தாள். உடம்பு தேறித் திரும்பிப் போனபோது அத்தானின் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. பிள்ளை வேண்டாம் என்று விட்டுப் போனவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு அனுப்பிவிட்டார். அவளாகப் பிள்ளையைக் கைவிடவில்லை என்று கோர்ட்டில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் மனு.

அவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. தாலி இறங்கியதும் காதில் கிடந்த பாம்படத்தையும் கழற்றிவிட்டிருந்தார்கள். துளை வளர்த்த காது வெறுமையாய்த் தோளுக்கு மேல் தொங்கியது. அதைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏலே, அவன் ஏங் காதுல விரலைக் கோத்துக்கிட்டாத்தான் தூங்குவான். இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குதானோ. இதையும் எழுது.”

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. கோர்ட்டில் போய்க் காதையும் விரலையும் சொல்வதா என்று வெட்கமாக இருந்தது. என் சொந்த அக்காவின் மனு அல்லவா, சிறப்பாக இருக்க வேண்டும் என்று பசுவைக் கொண்டுவந்தேன், பயிரைக் கொண்டுவந்தேன், புதிதாகக் கடலையும் சேர்த்தேன். அவள் கடலைக் கண்டதே இல்லை.

விசாரித்த அதிகாரி நல்லவர். அவர்மேல் குறை சொல்லமாட்டேன். மனுவைப் பாதி படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். போன வாரம் பொய் என்று தள்ளிய ஒரு நிலத்து மனுவிலும் இதே பசு இதே கன்றுக்காகக் கதறியதே என்றார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு அக்காவைப் பார்த்து, இதெல்லாம் நீ சொல்லி எழுதியதா என்று கேட்டார்.

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “பசுவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே எசமான்” என்றாள்.

மனுவில் ‘நான், நான்’ என்று வரிக்கு வரி இருந்தது. அந்த ‘நான்’ அவள் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் மேலே பேச வாயெடுத்தாள், கை காதுக்குப் போனது. அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனு தள்ளுபடியாயிற்று, பிள்ளை பெரியப்பாவிடமே இருந்தான்.

தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் பக்கத்தில் கொண்டுவருவதுதான் உவமை என்று பண்டிதர் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் இருந்ததைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்தப் பசுவை எதுக்குலே எழுதுன?” கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பிறகு அவள் மாதம் ஒருமுறை ராஜபாளையத்துக்கு நடந்துபோய் அந்தத் தெருமுனையில் செத்த நேரம் நின்றுவிட்டு வருவாள். கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான்காவது வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைக்க மகனை அனுப்பச் சொல்லி ஆள் அனுப்பினோம். அனுப்பவில்லை.

மருமகன் என்னைத் தேடி வந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. பெரியப்பா இறந்த பிறகுதான் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்கம்மா என்னைய வேண்டாம்னுட்டுப் போனாளா மாமா?”

என்னிடம் சாட்சி இருக்கிறது என்று அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து இந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் வாசித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

“இதுல எங்கம்மா எங்க இருக்கா?”

அப்போதுதான் காதைப் பற்றிச் சொன்னேன். தட்டுத்தடுமாறி, என் அழகுத் தமிழெல்லாம் எங்கோ ஓடிப்போய், அழுதுகொண்டே சொன்னேன். அவன் தாளைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“அம்மா சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லுங்க மாமா.”

சொன்னேன். “ஏலே, அவன் ஏங் காதுல விரலைக் கோத்துக்கிட்டாத்தான் தூங்குவான். இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குதானோ.” இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னான். போகும்போது அந்தத் தாளை அவன் எடுத்துக்கொள்ளவில்லை.