அம்சம் வைத்த ஆட்டுக்கால் சூப்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் பறிக்க ஏறிய வீரையன் கால் வழுக்கி விழுந்தபோது, அவன் மனைவி அம்சம் சம்பா நடவில் இருந்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடுங்கக்கா. எலும்பு சீக்கிரம் கூடிரும்” என்றாள் பக்கத்து வீட்டு ராஜாத்தி.

மறுநாளிலிருந்து கறிக்கடை திறக்கும்போதே அம்சம் போய் நின்றாள். ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டி, மயிர் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு அடுப்பில் ஏற்றுவாள். அது கொதித்து அடங்குவதற்குள் அவனுக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, மலச்சட்டி அலசி வைக்க வேண்டும். பிறகு வயலுக்கு ஓட வேண்டும். கால் வாங்க முடியாத நாட்களில் பழைய எலும்பிலேயே தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“எலும்பு இன்னும் சேரலையே. பீடி குடிக்கிறீங்களா?”

வீரையன் தலையைக் குனிந்துகொண்டான். “எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுங்க.”

“தெனம் சூப் வச்சுக் குடுக்கிறேங்க டாக்டர்” என்றாள் அம்சம்.

“சூப்பு நல்லதுதாம்மா, உடம்புக்குத் தெம்பு. ஆனா இவர் பீடிய விடாம எலும்பு கூடுறது கஷ்டம்.”

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பீடி வாங்கிக் குடித்துவிட்டு, அவள் வருமுன் வெற்றிலை போட்டு வாடையை மறைத்திருக்கிறான். சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்ததும் காலையில் வைத்த சூப்பைச் சுடவைத்து, டம்ளரில் ஊற்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தானே குடித்தாள். எலும்பைத் தட்டி உள்ளிருந்த மஜ்ஜையையும் உறிஞ்சினாள்.

“எனக்கு?” என்றான் அவன்.

“ஒங்களுக்குத்தான் பீடி இருக்கே.”

அவன் தலையணைக்கடியிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

“அடுப்புல போடு, அம்சம்.”

பங்குனியில் எலும்பு கூடியது. அவன் மரம் ஏறுவதில்லை. தேங்காய்க் கிடங்கில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறான். அம்சத்துக்கு இடுப்பு வலி. இரண்டு நாள் படுத்துக் கிடந்தால் தேவலை என்றிருக்கிறது. குறுவை நடவு தொடங்கிவிட்டது.