அந்த யோசனை யாருடையது?

2005இல் மரக்காணத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருந்துகொண்டே எம்.ஃபில் படித்தேன். மாணவர்கள் இணையத்தில் சேர்ந்து பேசும்போது ஒரு யோசனை எப்படி வளர்கிறது என்பதுதான் என் ஆய்வு. கோடை முகாமில் பழக்கமான மூன்று ப்ளஸ் ஒன் பிள்ளைகள் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி கோட்டக்குப்பத்துப் பெண். ஒருவன் பிரம்மதேசத்து விவசாயியின் மகன். இன்னொருத்தி மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒரே சாட்டில் சேர்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள்.

உப்பு விளைய எது முக்கியம், வெயிலா காற்றா என்று கேட்டிருந்தேன்.

"வெயில்தான். எங்கப்பா முதுகப் பாத்தாலே தெரியும்" என்று எழுதினாள் உப்பளத்துப் பெண்.

"ஆமா, காத்து என்ன சூடாவா இருக்குது?" என்றான் பையன்.

கோட்டக்குப்பத்துக்காரி குறும்புக்காரி. "மழைக்காலத்துல அண்ணி என் துப்பட்டாவ ஃபேனுக்குக் கீழதான் காயப்போடுறாங்க. எங்க ஃபேனுக்குள்ள சூரியன் இருக்குது போல!"

மற்ற இருவரும் சிரித்து எழுதினார்கள். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு பையன் எழுதினான்: "ஃபேன் சூடு குடுக்கல. ஈரத்தத் தள்ளிவிடுது."

உடனே உப்பளத்துப் பெண்: "உப்புப் பாத்தி மேலயும் ஈரக்காத்து நிக்கும்ல? வெயில் கிளப்புது, காத்து தள்ளிட்டுப் போவுது. ரெண்டும் வேணும்!"

அச்செடுத்த தாள்களில் கேள்விக்குச் சிவப்பு, உடன்பாட்டுக்குப் பச்சை, மறுப்புக்கு நீலம் என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வந்தேன். துப்பட்டாவுக்கு எந்த நிறமும் பொருந்தவில்லை.

"வெட்டிப் பேச்சும்மா, எடுத்துடுங்க" என்றார் புதுச்சேரியில் இருந்த என் நெறியாளர்.

"அத எடுத்தா அடுத்த ரெண்டு மெசேஜும் நிக்காது சார்."

திரும்பப் படித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "சரி, இதுக்குன்னு தனியா ஒரு கலர் வாங்கிக்குங்க."

மஞ்சள் வாங்கினேன். பிறகு மூவரையும் வீட்டுக்கு அழைத்து, சமோசா கொடுத்து, "இது யாரோட யோசனை?" என்று கேட்டேன்.

"துப்பட்டா சொன்னது அவதான் மிஸ்" என்றான் பையன்.

"நான் சும்மா கிண்டல் பண்ணேன் மிஸ். ஈரம்னு சொன்னது அவன்தானே?"

"நான் ரெண்டையும் சேத்து எழுதினேன், அவ்ளோதான்" என்றாள் மூன்றாமவள்.

ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டினார்கள். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். யோசனை தனி ஒருவருடையது அல்ல என்று நான் ஆய்வில் எழுத நினைத்திருந்ததை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் பையனின் யோசனை வேறெங்கோ போயிருந்தது. "மிஸ், ஆத்துத் தண்ணி உப்பு கரிக்கல. அதுதானே கடல்ல போய்ச் சேருது? அப்புறம் கடல் எப்படி உப்பாச்சு?"

மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச்சில் கலந்தேன்.