ஏழாம் குழுவின் ஐந்தாவது பெயர்

மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்த அந்தப் பெண்மணி, நாற்பத்தாறாம் வயதில் புள்ளியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். மேற்பார்வையாளர் பதவிக்குப் பட்டம் கட்டாயம் என்று புதிய விதி வந்ததால் வந்த வினை அது. வகுப்புகள் இணையவழியில்தான். பாடங்கள் அவருக்குப் புரிந்தன. கூட்டாகப் படிப்பதுதான் புரியவில்லை.

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து ஓர் ஆய்வைச் செய்ய வேண்டும். பேச்செல்லாம் அந்தந்தக் குழுவுக்கென இணையத்தில் திறக்கப்படும் பக்கத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொன்றையும் துறையிலிருந்து ஒருவர் உள்ளிருந்து கவனிப்பார் என்று விரிவுரையாளர் அறிவித்திருந்தார். மதிப்பெண்ணில் பாதி அந்த ஆய்வுக்கு. ஏழாம் குழுவின் பக்கம் காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. ஒன்பது அடித்து ஒரு நிமிடத்தில் அவர் உள்ளே நுழைந்துவிட்டார். முதலில் நுழைபவரை நிர்வாகியாக்குவது அந்தத் தளத்தின் வழக்கம் என்பது அவருக்குத் தெரியாது. “அனைவருக்கும் வணக்கம். அவரவர் பங்கை வெள்ளிக்கிழமைக்குள் பதிவிட வேண்டுகிறேன்” என்று பிழையில்லாமல் எழுதி வைத்தார்.

மற்ற நால்வரும் இருபதைத் தாண்டாதவர்கள். மதியம் வந்து சேர்ந்தார்கள். “சரி மேடம்” என்றார்கள். கட்டைவிரல் படம் போட்டார்கள். அத்தோடு சரி.

புறநோயாளிகள் மருத்துவரைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது ஆய்வு. மருத்துவமனையிலேயே இருப்பவர் என்பதால், அங்கே புறநோயாளிப் பிரிவில் குறித்துக் குழுவுக்குத் தந்த நேரங்களை அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிற்பகல் ஒரு மணியைப் பதின்மூன்று என்று எழுதாமல் ஒன்று என்றே எழுதியிருந்ததால் கணக்கு தலைகீழாகப் போயிருந்தது. திருத்திய அட்டவணையை இரண்டாம் வாரமே பக்கத்தில் ஏற்றினார். கிணற்றில் போட்ட கல். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. கோப்பை ஒருவரும் திறக்கவில்லை.

தாம் எழுதியதில் குற்றமா, மரியாதைக் குறைவா என்று பழைய செய்திகளை மீண்டும் மீண்டும் படித்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையில் ஒட்டிய மையைச் சுரண்டிக்கொண்டே, “நாலு புள்ளைங்க ஒரு எடத்துல சத்தமில்லாம இருக்குன்னா, வேற எங்கயோ சத்தம் போடுதுன்னு அர்த்தம்” என்றார். படிப்பு விஷயத்தில் அச்சகத்து ஞானம் எடுபடாது என்று மனைவி அதைத் தள்ளிவிட்டார்.

ஆறாம் வாரம் குழுக்களின் பெயர்ப்பட்டியல் வெளியானது. ஏழாம் குழுவில் நான்கே பெயர்கள். பட்டியலில் இல்லாதவர் அடுத்த ஆண்டு பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். திருத்தம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை. அன்றுதான் வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில், கையுறையைக் கழற்றிய கையோடு, “என் பெயர் விடுபட்டுள்ளது. காரணம் அறிய விரும்புகிறேன்” என்று குழுவின் பக்கத்தில் எழுதினார்.

நால்வரில் பட்டியலைக் கொடுத்தவன், சுருட்டை என்று மற்றவர்கள் அழைக்கும் குழுத்தலைவன், உடனே தொலைபேசியில் வந்தான். குரலில் பயம் தெரிந்தது.

“மேடம், உங்க பேரையும் போடணுமா?”

“போடாம? நானும் உங்க கூடத்தானே படிக்கிறேன்.”

“நீங்க... படிக்கிறீங்களா?” என்றான்.

துறையிலிருந்து கவனிக்க வந்தவர் இவர்தான் என்று நால்வரும் முதல் நாளே முடிவு கட்டியிருந்தார்கள். முதல் ஆளாக வந்தது, நிர்வாகி என்ற அடையாளம், அந்த வணக்கம், அந்தக் கெடு எல்லாம் சேர்ந்து அப்படித் தோன்றியிருக்கிறது. ஐந்தாவது மாணவர் வந்து சேரவே இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியவர் எட்டிப்பார்க்கவே இல்லை. அவர்கள் மறுநாளே தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கைப்பேசியில் வேறொரு குழு தொடங்கிவிட்டார்கள்.

சுருட்டை அவரை அதில் சேர்த்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்திகள். அவர் கீழிருந்து மேலாகப் படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நடுவே நான்கு நாளாக ஒரே சண்டை: பன்னிரண்டு பத்துக்கு வந்து ஒன்று ஐந்துக்கு மருத்துவரைப் பார்த்தவர், கழித்தல் பதினொரு மணி நேரம் காத்திருந்தது எப்படி? “வீட்ல இருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே பாத்துட்டுப் போயிட்டாருடா” என்று ஒருவன் எழுதியிருந்தான். அதன் கீழே இன்னொருத்தி, “மேடம் ஒரு ஷீட் போட்டிருக்காங்க. தொறக்காதீங்க. நாம காப்பி அடிக்கிறோமான்னு பாக்கத்தான் போட்டிருக்காங்க” என்று எச்சரித்திருந்தாள்.

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “திறக்கலாம்” என்று மட்டும் எழுதினார்.

நால்வரும் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். பிறகு செய்திகள் கொட்டின. கடைசியாகச் சுருட்டை எழுதினான்: “அக்கா, நாலு நாள் போச்சு அக்கா.”

ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது பட்டியலில் ஐந்தாவது பெயர் ஏறியது. எதிரே, ‘தரவுச் சரிபார்ப்பு’ என்று பங்கும் குறிக்கப்பட்டிருந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்தக் குழுவில் சொல்வது முறை என்று குழம்பி, கை பழகிய பழைய பக்கத்திலேயே, “அனைவருக்கும் நன்றி” என்று எழுதிவிட்டார்.

நான்கு கட்டைவிரல்கள் வந்தன.