அது இங்கிலாந்து

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். என் மனைவி அங்கேயே ஓவிய ஆசிரியை. சாயம் தோய்த்த பட்டு நூல் காயும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. தெருவில் நாலு பேர் பேசுவார்கள் என்று நான் தடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஓர் ஆண்டு விழாவில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கில ஓவியப் பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசினேன். மலையையும் ஆற்றையும் நேரில் பார்த்து வரைந்தவர். சிறுமிகளையும் வெளியே அழைத்துப் போய் வரையக் கற்றுக்கொடுத்தவர். நல்ல கைதட்டல்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி கேட்டாள்.

“அந்தம்மா வெளிய குந்திகினு வரைஞ்சாங்களே, வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலீங்களா?”

“அவங்க கல்யாணமே பண்ணிக்கல.”

“அதானே பார்த்தேன்!” என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, “நானும் பொண்ணுங்கள ஆத்துக்குக் கூட்டிகினு போவட்டுங்களா?” என்றாள்.

“அது இங்கிலாந்து” என்றேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. மாணவிகள் வகுப்பறை மேசைமேல் வைத்த குடத்தையே வருடாவருடம் வரைந்தார்கள். அந்த வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் நடையை எட்டிப் போடுவேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு மாலை, அந்தக் குடம் நினைவுக்கு வர, “வண்ணப் பெட்டிய எடுத்துக்க, ஆத்துக்குப் போலாம்” என்றேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “இப்ப அங்க தண்ணியே இல்லீங்களே, எதப் பார்த்து வரையிறது?”

கோபமாகச் சொல்லவில்லை. நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மணல்தான் இருந்தது.