தெரியாது என்று சொல்லாத ரொகாயா

ஒருநாள் அதிகாலைத் தொழுகையை முடித்து, பஸ்ஸை ஹோட்டல் வாசலில் நிறுத்திய நான் ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனேன். முந்தின இரவெல்லாம் மனைவிக்குக் காய்ச்சல். மாநாட்டு விருந்தினர்கள் வந்து நின்றிருக்கிறார்கள். ரொகாயா என்னை எழுப்பவில்லை. ஏறுவதற்கு முன்னால் எங்கள் ஜகார்த்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை என்று ஆரம்பித்து, நானாகக் கண் விழிக்கும்வரை வெயிலில் நின்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் இதைச் சொல்லவே இல்லை. ஹோட்டல் காவலாளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வெளிநாட்டு விருந்தினருக்கு ஊரைக் காட்டுவது அவள் வேலை. ஏழெட்டுத் தலைமுறையாக இந்த ஊர்க்காரி. வாய் அதிகம். பஸ் புறப்பட்டதும் அவள் முதலில் சொல்வது இதுதான்:

"எங்க ஊர்ல வழி கேட்டா தெரியாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கேட்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புற மாதிரி வெக்கமா இருக்கும். அதனால எங்கயாவது கையக் காட்டிடுவாங்க. மூணு பேரக் கேட்டுட்டுக் கிளம்புங்க!"

நான் திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன். "நீ மட்டும் என்னவாம்?"

"எனக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே அண்ணே!" என்பாள். அவள் பேச்சைக் கேட்டு ஒருமுறை மீன் சந்தைக்குள் பஸ்ஸை விட்டு, வெளியே எடுக்க மதியமாகிவிட்டது.

ஒரு மழைமாதத்தில் துருக்கியிலிருந்து நெஜாத் என்ற பேராசிரியர் மனைவியோடு வந்தார். வெள்ளைத் தாடி வைத்த வயதானவர். காது மந்தம். ரொகாயா சொன்னது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. பழைய நகரச் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் எல்லோரும் முன்வாசல் வழியே வர, அவர் மட்டும் பின்வாசலில் இறங்கிக் காணாமல் போனார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவர் மனைவி பையைத் திறந்து காட்டினார். பேராசிரியருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டிருக்கிறார், சரியாகச் சாப்பிடவில்லை. மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளும் மிட்டாய் அந்தப் பையில்தான் இருந்தது. போனும் அதில்தான். யா அல்லாஹ், அந்தப் பெரியவரைக் காப்பாற்று என்று முணுமுணுத்தேன்.

"வெள்ளத் தாடிக்காரரப் பாத்தீங்களான்னு கேட்டுப் பாப்போம் ரொகாயா."

"வேணாம்ணே. பாக்காதவனும் பாத்தேன்னுதான் சொல்வான். நாம தெருத்தெருவா அலையுறதுக்குள்ள அவர் விழுந்துடுவார்." அவள் பின்வாசல் பக்கம் திரும்பினாள். "அவர் என்ன கேட்டிருப்பார்? பஸ் எங்கன்னு கேட்டிருப்பார். நானும் அதையே கேக்குறேன். அவருக்குக் காட்டின பக்கத்தையே எனக்கும் காட்டட்டும்."

உள்ளூர்க்காரி என்று தெரியாமலிருக்க, மேலே போட்டிருந்த கம்பெனிச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அந்த அம்மாவின் பெரிய தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். மற்றவர்களைப் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு நானும் மிட்டாய்ப் பையோடு பின்னால் ஓடினேன்.

பின்வாசலில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன் நின்றிருந்தான். "பஸ்? பஸ்?" என்றாள் வெளிநாட்டுக்காரி போல. அவன் சிரித்த முகத்தோடு கட்டைவிரலால் வடக்கே காட்டினான். அங்கே பஸ்ஸே போகாது. நாங்கள் நகர்ந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது: "ரொகாயாக்கா! தொப்பி நல்லாருக்கு! ஊரச் சுத்திக் காட்டுற உங்களுக்கே வழி தெரியலயா?"

"வாய மூடுடா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

கால்வாய்ப் பாலத்தில் காப்பிக்காரன் இடது பக்கம் காட்டினான். இடது பக்கம் திரும்பினோம். மழை கொட்டத் தொடங்கியது. லாரிகள் சேற்றை வாரி இறைத்தன. அடுத்து கேட்க ஆளே இல்லை. ரொகாயா தொப்பியைக் கையில் பிடித்தபடி அழத் தொடங்கினாள். "தப்பா நெனச்சுட்டேனோண்ணே? பெரிய மனுஷர் எங்கயாவது விழுந்து கெடக்குறாரோ?"

துறைமுக ஓரம் ஒரு டீக்கடைத் தார்ப்பாய் தெரிந்தது. அதன்கீழே, வெளிறிய முகத்தோடு, கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது டம்ளராம்.

கடைக்கார அம்மா சங்கடத்தோடு எழுந்தாள். "பஸ் எங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? வெக்கமாப் போச்சு. அதான் உக்காருங்கன்னு சொல்லி, சக்கரைய அள்ளிப் போட்டு டீ குடுத்தேன். எந்திரிக்கப் பாத்தா இன்னொரு டம்ளர்."

ரொகாயா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். நான் மழையிலேயே நின்று இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

போன வருஷம் ரொகாயாவின் மகனுக்குப் போர்னியோவில் வேலை கிடைத்தது. அவளும் கூடவே புறப்பட்டாள். கப்பலடி வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள் படிக்கட்டில் கால் வைத்ததும் நின்றாள்.

"திரும்பி எப்பம்மா வருவே?" என்று கேட்டேன். அடுத்த மாசம், பெருநாளைக்கு என்று வாய்க்கு வந்த ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

கைப்பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியலண்ணே" என்றாள்.